இரண்டாவது மானிட்டரை மாட்டியதும் கணினி ஏன் திணறியது?

2010களின் நடுவில் கணினி விளையாட்டுப் பிரியர்கள் பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த ஒரு கோளாறு உண்டு. மேசையில் இரண்டு மானிட்டர்கள். ஒன்று புதியது, நொடிக்கு 144 முறை படத்தை மாற்றிக் காட்டக்கூடியது. மற்றது பழையது, நொடிக்கு 60 முறை. புதிய மானிட்டரில் விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். பக்கத்துப் பழைய மானிட்டரில் ஒரு வீடியோவை ஓடவிட்டால் போதும், விளையாட்டு விக்க ஆரம்பித்துவிடும். வீடியோவை நிறுத்தினால் விக்கலும் நின்றுவிடும்!

சந்தேகம் முதலில் கிராஃபிக்ஸ் கார்டு மேல்தான் போகும். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். கேபிளை மாற்றினார்கள். சிலர் காசைப் போட்டுப் புதிய கார்டே வாங்கினார்கள். விக்கல் மட்டும் போகவில்லை. உண்மையில் கார்டுக்குத் தெம்பு குறைவில்லை. கணினி என்றால் ஒரு திரைதான் என்று எப்போதோ வைத்துக்கொண்ட கணக்கு அடியில் கிடந்தது. 1980களிலிருந்தே அந்தக் கணக்கு வேறு வேறு வேஷத்தில் வந்து இரண்டு திரைக்காரர்களைப் படுத்தியிருக்கிறது. அந்தக் கதைதான் இது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது அதற்கு இரண்டு விதமான திரைக் கார்டுகளை விற்றது. எம்டிஏ என்பது எழுத்து மட்டும் காட்டும் ஒற்றை நிறக் கார்டு. சிஜிஏ என்பது வண்ணமும் படமும் காட்டும் கார்டு. முன்னது நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பித்தது, பின்னது 60 முறை. இரண்டுக்கும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரி. எனவே ஒரே பெட்டிக்குள் இரண்டையும் செருகி இரண்டு மானிட்டர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. புரோகிராமர்கள் இதை விடவில்லை. எழுதிய நிரல் வண்ணத் திரையில் ஓடும், அதை அலசும் டீபக்கர் பச்சை எழுத்துத் திரையில் ஓடும். லோட்டஸ் 1-2-3 வைத்திருந்தவர்கள் ஒரு திரையில் கணக்கையும் மற்றதில் அதன் வரைபடத்தையும் பார்த்தார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் சொந்த நினைவகம், சொந்தத் தாளம். ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யவில்லை.

1987ல் விஜிஏ வந்தது. அதைத் தொடர்ந்து 16 பிட் அகலமுள்ள நீண்ட ஸ்லாட்டில் உட்காரும் வேகமான விஜிஏ கார்டுகளும் வந்தன. பழைய எம்டிஏ கார்டோ 8 பிட். இரண்டையும் சேர்த்து வைத்தவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருந்தது. வண்ணத் திரையின் வேகம் படுத்துவிட்டது!

காரணம் ஐஎஸ்ஏ பஸ்ஸின் அமைப்பில் இருந்தது. "இந்த முகவரிக்கு நான் 16 பிட்டில் பேசுவேன்" என்று கார்டு சீக்கிரமே கை தூக்கிச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அதற்குத் தெரிவது முகவரியின் மேல்பகுதி மட்டுமே. ஆகவே அறிவிப்பு 128 கிலோபைட் கொண்ட முழுத் துண்டுக்கும் பொருந்தும். திரைகளுக்கென்று ஒதுக்கியிருந்த இடம் 640லிருந்து 768 கிலோபைட் வரை, அதாவது சரியாக ஒரே ஒரு துண்டு. எம்டிஏ அதற்குள்தான், 704ல் உட்கார்ந்திருந்தது. விஜிஏ 16 பிட் என்று கை தூக்கினால், எம்டிஏவுக்குப் போக வேண்டியதும் 16 பிட்டிலேயே போய்க் குழம்பிவிடும். வேறு வழியில்லாமல் விஜிஏவை 8 பிட்டுக்கு இறக்க வேண்டியதாயிற்று. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று மெல்ல நடந்தால் மற்றதும் மெல்லத்தானே நடக்க முடியும்?

வெறும் எழுத்தைக் காட்டும் ஓர் அப்பாவிக் கார்டு, படம் வரையும் கார்டை மந்தமாக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றைக் கழற்று, மற்றது சரியாகிறதா பார். இரண்டு திரைக் கோளாறுகளுக்கு இன்றுவரை முதல் வைத்தியம் இதுதான்.

அதே 1987ல் ஆப்பிள் மேகின்டாஷ் 2 என்ற கணினியை வெளியிட்டது. அதில் ஆறு ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீடியோ கார்டைச் செருகலாம். மேசைமேல் மானிட்டர்கள் எப்படி இருக்கின்றனவோ அதேபோல் திரையில் குட்டிப் படங்களை இழுத்து அடுக்கிவிட்டால் போதும், மவுஸ் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். ஒரு விண்டோவைப் பாதி இங்கும் பாதி அங்குமாக வைக்கலாம். இடதில் வண்ணத் திரையும் வலதில் கறுப்பு வெள்ளைத் திரையும் இருந்தால், பாதி விண்டோ வண்ணத்தில் தெரியும், மீதி கறுப்பு வெள்ளையில்.

இதைச் செய்தது குவிக்டிரா என்ற வரையும் மென்பொருள். எத்தனை திரைகள் உண்டு என்று அது ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஒரு கோடு போடச் சொன்னால், அந்தக் கோடு எந்தெந்தத் திரைகளைத் தொடுகிறதோ அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடும். இதற்கு விலை உண்டு. இரண்டு திரையைத் தொட்டால் இரண்டு மடங்கு வேலை. 256 நிறத்தில் தயாரித்து வைத்த படத்தை வேறு நிற அளவுள்ள திரைக்கு நகலெடுத்தால், போகும் வழியில் ஒவ்வொரு பிக்சலையும் மாற்ற வேண்டும். அது மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருந்தது, காரணமும் தெளிவாகத் தெரிந்தது. திரை ஒன்றுதான் என்ற கணக்கு இல்லாமல் எழுதிய முதல் பிரபலமான அமைப்பு இது என்று தாராளமாகச் சொல்லலாம்.

பிசி உலகம் இந்த இடத்துக்கு வர இன்னும் 11 ஆண்டுகள் பிடித்தன. 1998ல் வந்த விண்டோஸ் 98 ஒன்பது மானிட்டர்கள் வரை ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்றைய மதர்போர்டில் வேகமான ஏஜிபி ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது கார்டு பிசிஐ ஸ்லாட்டில் உட்கார வேண்டும். அங்கே நொடிக்கு 133 மெகாபைட் என்ற பாதையை எல்லாக் கார்டுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே விண்டோ முதல் திரையில் சுறுசுறுப்பாகவும் இரண்டாவதில் அசமந்தமாகவும் நடந்துகொண்டது இதனால்தான்.

அப்புறம் கனடாவின் மேட்ராக்ஸ் வந்தது. 1999ல் அது வெளியிட்ட ஜி400 கார்டில் ஒரே சிப், இரண்டு மானிட்டர் இணைப்புகள். இரண்டாவது கார்டே தேவையில்லை. அருமையான யோசனை! ஆனால் அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 2000க்கு இது புரியவில்லை. ஒரு கார்டு என்றால் ஒரு திரை என்பது அதன் கணக்கு. எனவே டிரைவர் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு 1024 x 768 திரைகளை "இது ஒரே ஒரு 2048 x 768 திரை" என்று விண்டோஸிடம் சொன்னது. விண்டோஸ் நம்பியது. விளைவு என்ன? டாஸ்க்பார் இரண்டு மானிட்டரிலும் நீண்டு கிடந்தது. எச்சரிக்கைப் பெட்டி திரையின் நட்ட நடுவில், அதாவது இரண்டு மானிட்டரின் விளிம்புகளும் சேரும் இடத்தில், பாதிப் பாதியாக வந்து நின்றது. இரண்டு மானிட்டருக்கும் ஒரே அளவுதான் வைக்க முடிந்தது. 2001ல் எக்ஸ்பி வந்தபின்தான் ஒரு கார்டுக்கு இரண்டு திரை இருக்கலாம் என்பதை விண்டோஸ் ஒப்புக்கொண்டது.

மேட்ராக்ஸ் சும்மா இருக்கவில்லை. 2002ல் பார்ஹீலியா என்ற கார்டு. மூன்று மானிட்டர்களை வரிசையாக வைத்து, விளையாட்டை இடமும் வலமும் விரித்துக் காட்டும். விலை 399 டாலர். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். ஏன்? மூன்று 1024 x 768 திரைகள் என்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் 23,59,296 பிக்சல்கள் வரைய வேண்டும், ஒரு திரைக்கு ஆகும் வேலையைப்போல மூன்று மடங்கு. பார்ஹீலியாவோ ஒரே திரையில் ஓடும்போதே பெரும்பாலான விளையாட்டுகளில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ்4 டிஐ 4600க்குப் பின்னால்தான் நின்றது. சில மாதங்களில் ஏடிஐயின் ரேடியான் 9700 ப்ரோவும் வந்து சேர, பந்தயம் முடிந்தது. விளையாட்டுச் சந்தையை விட்டு, பல திரைகள் தேவைப்படும் தொழில்துறை வாடிக்கையாளர்கள் பக்கம் மேட்ராக்ஸ் ஒதுங்கியது. இந்தக் கதையில் நிஜமாகவே கார்டின் தெம்பு போதாமல் தோற்ற இடம் இதுதான். நல்ல யோசனை, நாலு வருடம் முந்திவிட்டது.

2006ல் அதே நிறுவனம் டிரிபிள்ஹெட்2கோ என்ற கையடக்கப் பெட்டியைக் கொண்டுவந்தது. கணினியிலிருந்து ஒரு கேபிள் உள்ளே, மூன்று மானிட்டர்களுக்கு மூன்று கேபிள் வெளியே. கணினியிடம் "நான் 3840 x 1024 அளவுள்ள ஒரே மானிட்டர்" என்று சொல்லிவிட்டு, வரும் படத்தை மூன்றாக வெட்டி அனுப்பும். பழைய அதே பொய், ஆனால் இம்முறை பொய் சொன்னது வன்பொருள். கணினிக்கு ஒரே திரை, ஒரே தாளம். குழப்பமே இல்லை. ஒரு திரைக் கணக்கை உடைக்க முடியாதவர்கள் அதற்குள்ளேயே புகுந்து விளையாடிய கெட்டிக்காரத்தனம் என்று இதைச் சொல்ல வேண்டும்.

லினக்ஸ் பக்கம் தலைவலி வேறு மாதிரி. அங்கே எக்ஸ் என்ற அமைப்பில் வெகுகாலம் ஒவ்வொரு மானிட்டரும் தனித் தீவு. ஒன்றில் திறந்த விண்டோவை மற்றதற்கு இழுக்க முடியாது. 1990களின் பிற்பகுதியில் வந்த ஸினராமா தீவுகளை ஒட்டவைத்தது, ஆனால் முப்பரிமாண வேகத்தைப் பறித்துக்கொண்டது. 2007ல் ராண்ட்ஆர் 1.2 வந்தது. எல்லா மானிட்டருக்கும் சேர்த்து ஒரு பெரிய படப்பரப்பு, ஒவ்வொரு மானிட்டரும் அதில் ஒரு பகுதியைக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்போது லேப்டாப்களில் நிறைந்திருந்த இன்டெல் 945 சிப்பின் முப்பரிமாணப் பகுதிக்கு 2048 பிக்சலுக்கு மேல் அகலமான பரப்பில் வரையத் தெரியாது. இரண்டு 1280 x 1024 மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அகலம் 2560. அவ்வளவுதான், காம்பிஸின் சுழலும் கனசதுரம், ஆடும் விண்டோக்கள் எல்லாம் காலி. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்? அகலம் 1280, உயரம் 1024 + 1024 = 2048. மயிரிழையில் தப்பும்! மேசையில் மானிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, அமைப்பில் மட்டும் ஒன்றை மாடியில் ஏற்றி வைத்து, மவுஸை மேலே தள்ளிப் பக்கத்து மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அன்று இருந்தார்கள்.

இனி தாளத்தின் கதை. மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாங்கிக் காட்டும். கடைசி வரி முடிந்து அடுத்த படத்தின் முதல் வரி தொடங்குமுன் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் படத்தை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் மாற்றினால் மேல்பாதி பழைய படம், கீழ்பாதி புதிய படம் என்று கிழிந்தாற்போல் தெரியும். ஆகவே வரைபவர் மானிட்டரின் தாளத்துக்குக் காத்திருக்க வேண்டும். மானிட்டர் இரண்டு என்றால் யாருடைய தாளத்துக்குக் காத்திருப்பது?

2009ல் ஏஎம்டி ஐஃபினிட்டி என்ற வசதியைக் காட்டியபோது இந்தக் கேள்வி வன்பொருளிலேயே எழுந்தது. கலிபோர்னியாவில் யுஎஸ்எஸ் ஹார்னெட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலில் விழா. ஒரே கார்டில் ஆறு மானிட்டர்கள், மொத்தம் 7680 x 3200 பிக்சல். கடைக்கு வந்த ரேடியான் எச்டி 5870 கார்டை வாங்கி மூன்று மானிட்டர்களை மாட்டியவர்கள் பலருக்கு மூன்றாவது எரியவே இல்லை. காரணம், அந்தக் கார்டில் டிவிஐ, எச்டிஎம்ஐ வகை இணைப்புகளுக்குத் துடிப்பு தரும் கடிகாரங்கள் இரண்டே இரண்டு. மூன்றாவது மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் போக வேண்டும், ஏனென்றால் அந்த இணைப்பு நிலையான வேகத்தில் ஓடுவதால் தனிக் கடிகாரம் கேட்காது. சாதாரண மலிவு அடாப்டரைப் போட்டால், டிஸ்ப்ளேபோர்ட் துளையிலிருந்து வருவது டிவிஐ சிக்னல்தான், அதற்கு மூன்றாவது கடிகாரம் வேண்டும். தானே சிக்னலை மாற்றும் 'ஆக்டிவ்' அடாப்டர்தான் வேலை செய்தது. அது அன்று நல்ல விலை. மானிட்டர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டியவர்கள் நிலை இன்னும் மோசம். நொடிக்கு இத்தனை சட்டம் என்ற எண் அழகாக ஏறும், கண்ணுக்கு மட்டும் படம் திக்கித் திக்கி ஓடும். 2013ல் திரைக்குப் போகும் சிக்னலையே பதிவு செய்து அளக்கும் முறை பரவியபோதுதான், பல சட்டங்கள் திரையில் ஒரு கீற்றளவே தெரிந்து மறைகின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் ஏஎம்டி ஒரு திருத்தம் வெளியிட்டது. ஒற்றைத் திரைக்கு மட்டும்! பல திரைக்காரர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது முதலில் பார்த்த விக்கலுக்கு வரலாம். எக்ஸ்பி வரை ஒவ்வொரு மென்பொருளும் நேராகத் திரையில் வரைந்தது. 2007ல் பரவலாக விற்பனைக்கு வந்த விஸ்டா இதை மாற்றியது. ஒவ்வொரு விண்டோவும் நினைவகத்தில் தனக்கென ஒரு தாளில் வரையும், டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற ஒன்று எல்லாத் தாள்களையும் அடுக்கி ஒட்டித் திரைக்கு அனுப்பும். விண்டோவை இழுத்தால் பின்னால் கோடு கோடாக அழியும் பழைய அசிங்கம் இதனால் ஒழிந்தது. ஆனால் ஒட்டுகிறவர் ஒருவர், எல்லா மானிட்டருக்கும் சேர்த்து ஒரே தாளத்தில் ஒட்டினார். அன்று இது யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் மேசைமேல் இருந்த எல்சிடிகள் அனேகமாக எல்லாமே 60 ஹெர்ட்ஸ்.

2012 வாக்கில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் கடைக்கு வந்தன. 60 ஹெர்ட்ஸ் திரைக்குப் படம் 16.67 மில்லி நொடிக்கு ஒருமுறை தேவை, 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.94 மில்லி நொடிக்கு ஒருமுறை. 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4. முழு எண் இல்லை. இரண்டும் எப்போதாவதுதான் ஒன்றாக அடிக்கும். விண்டோஸ் பதிப்புக்குப் பதிப்பு நடத்தை மாறினாலும், பழைய திரையில் ஏதாவது அசைந்தால் புதிய திரையின் தாளம் கெட்டது.

நாட்டு வைத்தியங்கள் பெருகின. புதிய மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கு என்றார்கள் சிலர். 120 என்பது 60க்குச் சரியாக இரண்டு மடங்கு என்பதால் இது ஓரளவு கேட்டது. ஆனால் 144க்குக் காசு கொடுத்தவருக்கு வயிறு எரியாதா? பிரவுசரில் ஹார்டுவேர் உதவியை நிறுத்து என்றார்கள் வேறு சிலர். விளையாட்டை முழுத்திரைப் பிரத்தியேக முறையில் ஓட்டினால், அது ஒட்டுகிறவரைத் தாண்டி நேராக மானிட்டருடன் பேசும், விக்காது. ஆனால் பக்கத்துத் திரைக்குப் போய் ஒரு செய்திக்குப் பதில் எழுதப் போனால் விளையாட்டு சுருங்கிக் கீழே போய்விடும், இரண்டு திரை வைத்திருப்பதன் பயனே போச்சு. விண்டோஸ் 7ல் ஏரோவை அணைத்து ஒட்டுகிறவரையே வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. 2012ல் வந்த விண்டோஸ் 8 அந்தக் கதவையும் சாத்திவிட்டது.

இப்படியே எட்டு ஆண்டுகள். 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10ன் 2004 பதிப்பில்தான் ஒவ்வொரு மானிட்டரும் அதன் சொந்தத் தாளத்தில் நடக்கத் தொடங்கியது, விக்கல் பெருமளவு நின்றது. வேடிக்கை என்னவென்றால், லினக்ஸின் க்னோம் மேசையும் அதே ஆண்டு செப்டம்பரில், 3.38 பதிப்பில், வேலண்ட் அமைப்பில் ஓடும்போது மானிட்டருக்கு ஒரு கடிகாரம் என்ற முறைக்கு வந்து சேர்ந்தது. பழைய எக்ஸ் அமைப்பில் ஓட்டியவர்களுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. விக்கலுக்காகப் புதிய கார்டு வாங்கியவர்களுக்கு விடிவு கடைசியில் ஒரு இலவச அப்டேட்டாக வந்தது.

இரண்டு தாளங்களின் சச்சரவு அதோடு தீரவில்லை. வேலையில்லாதபோது கார்டின் மெமரி வேகத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சப்படுத்த வேண்டும். ஆனால் மானிட்டர் படத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது வேகத்தை மாற்றினால் திரை மினுக்கும். எனவே முன்பு சொன்ன அந்த இடைவெளியில்தான் மாற்ற வேண்டும். வழக்கமான 1080 வரி, 60 ஹெர்ட்ஸ் திரையில் மொத்தம் 1125 வரிக்கான நேரத்தில் 45 வரிகள்தான் இடைவெளி, அதாவது சுமார் 0.67 மில்லி நொடி. இரண்டு மானிட்டர்கள் வெவ்வேறு தாளத்தில் ஓடினால் இரண்டின் இடைவெளிகளும் ஒன்றாக வருவதில்லை. டிரைவர் என்ன செய்யும்? வம்பே வேண்டாம் என்று மெமரியை முழு வேகத்திலேயே விட்டுவிடும். சும்மா இருக்கும் கணினியில் கார்டு சுடும், மின்விசிறி சுற்றும்.

2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டில் இது மறுபடியும் பெரிய புகாராக எழுந்தது. ஏஎம்டி அடுத்த ஆண்டு டிரைவர்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தது. அதற்குள் பொறுமையிழந்த சிலர் மானிட்டரின் நேர அளவுகளைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சண்டை போடாமல், கடைசி வரிக்குப் பின்னால் வெற்று வரிகளைக் கூட்டி, அந்த இடைவெளியைக் கையாலேயே அகலப்படுத்தினார்கள். மெமரி வேகம் இறங்கியது, மின்விசிறி நின்றது.